கடலின் வேலையை யார் செய்வது?

1828-ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்தின் நார்த் பெரிக் கடற்கரைப் பாறை ஒன்றிலிருந்து சர் ஜான் டேலியல் என்ற இயற்கையியலர் ஒரு கடற்சாமந்தியை எடுத்து எடின்பரோவில் இருந்த தம் வீட்டுக்குக் கொண்டுபோனார். உள்ளங்கையில் அடங்கும் சின்ன உயிர். ஒரு கண்ணாடிச் சாடியும் அதிலிருந்த கடல்நீரும்தான் அன்றிலிருந்து அதன் உலகம். 1851-இல் டேலியல் இறந்தார், கடற்சாமந்தி இறக்கவில்லை. அறிஞர்கள் சிலர் ஒருவர் பின் ஒருவராக அதைத் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்டார்கள். தவறாமல் நீர் மாற்றினார்கள், இரை கொடுத்தார்கள். ‘கிரானி’, அதாவது பாட்டி என்று அதற்குச் செல்லப்பெயர். 1887 ஆகஸ்ட் மாதம் அது இறந்தபோது ‘தி ஸ்காட்ஸ்மன்’ நாளிதழில் இரங்கல் குறிப்பு வந்தது. மனிதர் கைக்கு வந்த பிறகு அது வாழ்ந்த காலம் 59 ஆண்டுகள்.

வீட்டில் பெரிய கடல்நீர் மீன்தொட்டி வைக்க ஆசைப்படுபவர்கள் வழக்கமாகக் கேட்பவை வேறு. எத்தனை அடி நீளம், கண்ணாடியா அக்ரிலிக்கா, எவ்வளவு செலவு, எத்தனை நாளில் முடியும், ஊரில் யார் நன்றாகக் கட்டித் தருவார்கள்? எல்லாம் தேவையான கேள்விகள்தாம். ஆனால் அந்தச் சாடியின் வரலாறு இவற்றுக்கெல்லாம் முன்னால் வேறொன்றைக் கேட்கச் சொல்கிறது. ஓர் உயிரைக் கடலிலிருந்து பிரித்தால், அதுவரை அதற்காகக் கடல் செய்துவந்த வேலையை இனி யார் செய்வது, எத்தனை காலத்துக்கு? இது அறம் சார்ந்த கேள்வி. தொட்டி கட்டுபவரைத் தேர்ந்தெடுப்பது நான்கு பேரிடம் விலை கேட்டு ஒப்பிடும் வேலையாக வெளியே தெரியலாம். உண்மையில் அங்கே முடிவாவது, அந்த உயிர்களுக்கு யார் பதில் சொல்வது என்பதுதான்.

கடல் அப்படி என்ன வேலை செய்கிறது?

மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. கடலில் அது கரைந்து காணாமல் போகும். தொட்டியில் அதற்குப் போக்கிடம் இல்லை. தன் கழிவே மீனுக்கு நஞ்சாகிவிடும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பாறையிலும் மணலிலும் குடியேறிப் பெருகச் சில வாரங்கள் பிடிக்கும். கடலின் வெப்பம் ஒரே நாளில் பெரிதாக ஏறி இறங்குவதில்லை. மே மாதச் சென்னையில், மூடிய அறையில் நிற்கும் தொட்டி, நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் சூடேறிவிடும். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அதனால் தொட்டி நீரின் உப்புச் செறிவு நாளுக்கு நாள் கூடும், தூய நீர் விட்டு அதைச் சமன் செய்தாக வேண்டும். அலையடிக்காத நீரில் உயிர்வளி குறையும். கடலில் யாரும் கேட்காமலே நடக்கும் இந்த ஒவ்வொன்றும் வீட்டுக்கு வந்த அன்றே யாரோ ஒருவரின் கடமையாக மாறுகிறது.

இப்படியொரு கடமையை வலியத் தலையில் ஏற்றிக்கொண்டு, கண்ணுக்கு விருந்தாக ஓர் உயிரை அடைத்துவைக்கலாமா? சமயங்கள் இதற்கு ஒரே விடை தரவில்லை.

மிகக் கண்டிப்பான விடை சமணத்தினுடையது. உமாஸ்வாதியின் ‘தத்துவார்த்த சூத்திரம்’ இல்லறத்தார் ஏற்கும் கொல்லாமை நோன்புக்கு ஊறு செய்யும் ஐந்து குற்றங்களைப் பட்டியலிடுகிறது: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், தாங்க முடியாத சுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். கொல்வது வரை போக வேண்டியதில்லை, கட்டிவைப்பதே குற்றம். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் உலகிலேயே சிறந்த தொட்டியும் தேறாது.

புத்தர் வணிகத்தின் பக்கமிருந்து இதைப் பார்த்தார். இல்லறத்தார் செய்யக் கூடாதவை என்று அங்குத்தர நிகாயம் சொல்லும் ஐந்து வணிகங்கள் ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு. உயிர்களை விற்பதும் நஞ்சை விற்பதும் ஒரே பட்டியலில் வருகின்றன. கடல்மீன் தொட்டிகளின் வரலாற்றில் இவ்விரண்டும் மெய்யாகவே கைகோத்தன. 1960-களில் பிலிப்பைன்ஸ் கடலில், அழகு மீன்களை மயக்கிப் பிடிக்கப் பவளப்பாறை இடுக்குகளில் சோடியம் சயனைடு கரைசலைப் பீய்ச்சும் வழக்கம் தொடங்கியது. பின்னர் அது வேறு நாடுகளுக்கும் பரவியது. அந்த நஞ்சில் பவளங்கள் மாண்டன. தப்பிப் பிழைத்து விமானம் ஏறிய மீன்களில் பல, வாங்கியவர் வீட்டுத் தொட்டியில் காரணம் தெரியாமல் செத்தன.

இஸ்லாமிய மரபில் இரண்டு செய்திகள் அருகருகே இருக்கின்றன. அபூ உமைர் என்ற சிறுவன் ஆசையாக வளர்த்த குருவி இறந்தபோது நபிகள் நாயகம் அவனிடம் பரிவோடு விசாரித்தார். பறவை வளர்த்ததற்காகக் கண்டிக்கவில்லை. உரிய பராமரிப்போடு பறவைகளை வளர்க்கலாம் என்பதற்கு இதைச் சான்றாகச் சட்ட அறிஞர்கள் காட்டினார்கள். இன்னொரு செய்தியில், பூனையை அடைத்துவைத்து, தானும் உணவிடாமல், அது தானாக இரை தேடவும் விடாமல் சாகவிட்ட பெண் இறைத் தண்டனைக்கு ஆளாகிறாள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சட்டம் தெளிவாக இருக்கிறது. ஓர் உயிர் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் வழியை அடைத்தவர், அந்த வழியின் இடத்தில் தாமே நின்றாக வேண்டும்.

1867-இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிய வள்ளலாரும் சீவகாருண்யத்தின் நடுவில் பசியைத்தான் வைத்தார். உயிரின் பசியை நீக்குவது அவருக்கு வழிபாடாகவே இருந்தது.

அடைப்பது சரியா என்பதில் இந்த மரபுகள் வேறுபடுகின்றன. அடைத்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதில் வேறுபாடு இல்லை. அடைத்தவரின் கடன் முழுக் கடன். பாதி செலுத்திவிட்டு நிறுத்திக்கொள்ள முடியாது.

மீனுக்கு இதெல்லாம் தெரியுமா என்று கேட்பவர்கள் உண்டு. 2003-இல் லின் ஸ்னெடனும் அவருடைய சக ஆய்வாளர்களும் டிரவுட் மீன்களின் தலைப்பகுதியில் வலியை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் நெடுநேரம் இரை எடுக்கவில்லை, உதட்டைத் தொட்டித் தரையின் கூழாங்கல்லில் தேய்த்தன. நரம்பு முனை இருப்பதாலேயே மனிதர் உணரும் வலியை மீனும் உணர்கிறது என்றாகாது என்று மறுக்கும் அறிவியலாளர்களும் இருக்கிறார்கள். விவாதம் முடியவில்லை. ஆனால் 2019-இல் மசனோரி கோதாவின் குழு வெளியிட்ட ஆய்வு பலரை யோசிக்க வைத்தது. கிளீனர் ராஸ் என்ற விரல் நீள மீன், கண்ணாடியில் மட்டுமே தெரியும்படி தன் தொண்டையில் இடப்பட்ட பொட்டைப் பார்த்துவிட்டு, அந்த இடத்தைத் தரையில் உரசியது. தன்னை அடையாளம் காணும் திறனுக்குச் சான்று என்று மனிதக் குரங்குகளிடம் கொண்டாடப்படும் சோதனை இது. அதே கிளீனர் ராஸ் தொட்டிக் கடைகளில் சாதாரணமாக விற்பனைக்கு வரும் மீன். பிற மீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று வாழும் அது, நாலைந்து மீன்களே உள்ள வீட்டுத் தொட்டியில் பெரும்பாலும் வயிறு நிறையாமல் மெலிந்து சாகிறது.

ஐயம் இருக்கும் இடத்தில் உயிரின் பக்கம் சாய்வதுதான் அறம். உணர்வு இருக்கிறதென்று நம்பி நடந்து, பிறகு அது இல்லை என்று தெரிந்தால் போவது கொஞ்சம் பணமும் உழைப்பும். இல்லையென்று நம்பி நடந்து, பிறகு இருக்கிறது என்று தெரிந்தால் அந்தக் கணக்கை எப்படியும் நேர் செய்ய முடியாது.

நல்ல மனம் மட்டும் போதாது என்பதற்கு, வீட்டில் கடலை வைத்துப் பார்க்கும் ஆசையைப் பரப்பிய மனிதரின் வாழ்க்கையே சான்று. ஆங்கிலேயரான ஃபிலிப் ஹென்றி காஸ் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கையாளர். டெவன் கரையின் ஒவ்வொரு பாறைக் குட்டையும் அவருக்குக் கடவுளின் கைவேலை. 1853-இல் லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் உலகின் முதல் பொது மீன்காட்சியகம் திறக்கப்பட்டதில் அவருக்குப் பங்கு உண்டு. மறு ஆண்டு வெளிவந்த அவருடைய ‘தி அக்வேரியம்’ நூலைப் படித்தவர்கள் படைப்பின் அழகை வீட்டு வரவேற்பறையில் காண ஆசைப்பட்டார்கள். வலையும் சாடியுமாகக் கூட்டம் கூட்டமாகக் கரைக்குப் போனார்கள், குட்டைகளை வழித்தெடுத்தார்கள். அவருடைய மகன் எட்மண்ட் காஸ் 1907-இல் எழுதிய ‘ஃபாதர் அண்ட் சன்’ நூலில், தந்தை நேசித்த அந்தக் கரை சூறையாடப்பட்டுக் கிடந்ததையும், அதற்குத் தம் நூல்களே காரணமானதை எண்ணித் தந்தை வருந்தியதையும் பதிவு செய்திருக்கிறார். படைத்தவன் மீதிருந்த பக்தியால் எழுதப்பட்ட புத்தகமே படைப்பின் ஒரு மூலையை வெறுமையாக்கியது.

அதே காலத்தில் லண்டனில் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்டு என்பவர் தொட்டிகளும் கடலுயிர்களும் விற்கும் கடை வைத்திருந்தார். பின்னாளில் மிகப் பெரிய தொட்டிகளைக் கட்டும் வல்லுநராகவும் ஆனார். 1871-இல் கிரிஸ்டல் பேலஸில் திறக்கப்பட்ட மீன்காட்சியகம் அவருடைய திட்டம். மக்கள் பார்க்கும் தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிய தேக்கத்தை அவர் தரைக்கடியில், இருட்டில் வைத்தார். அங்கிருந்து கடல்நீர் ஓயாமல் மேலேறிக் காட்சித் தொட்டிகளுக்குள் பாய்ந்து, மீண்டும் கீழே இறங்கியது. பார்வையாளர் கண்ணில் படாத அந்த நீர்தான் கண்ணில் பட்ட உயிர்களைக் காத்தது. இன்றைய வீட்டுத் தொட்டிகளின் அடியில் இருக்கும் சம்ப் என்ற கீழ்த்தொட்டியும் இதே வேலையைத்தான் செய்கிறது.

தொட்டி கட்டுபவரை எடைபோடும் முதல் அளவுகோலும் இங்கேதான் கிடைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பகுதிக்கு அவர் எவ்வளவு இடமும் பணமும் ஒதுக்கச் சொல்கிறார்? முன்பக்கக் கண்ணாடியின் பளபளப்பையும் விளக்கின் நீல ஒளியையும் பற்றியே பேசுபவர் வீட்டுக்காரரின் கண்ணுக்காக வேலை செய்கிறார். சம்ப்பின் கொள்ளளவு, கழிவைப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர், இரண்டாவது பம்ப், மின்தடைக்கு பேட்டரி என்று பேச்சைத் திரும்பத் திரும்ப அடியறைக்கே கொண்டுபோகிறவர் மீனுக்காக வேலை செய்கிறார்.

எடையைப் பற்றி அவர் தாமாகவே பேச வேண்டும். எட்டடி நீளம், மூன்றடி அகலம், இரண்டரையடி உயரமுள்ள தொட்டியில் ஏறக்குறைய 1,700 லிட்டர் நீர் பிடிக்கும். கடல்நீர் நன்னீரைவிடக் கனமானது, அதனால் நீர் மட்டுமே ஒன்றேமுக்கால் டன். கண்ணாடி, பாறை, மணல், இரும்புத் தாங்கி எல்லாம் சேர்ந்தால் இரண்டு டன்னைத் தாண்டும். குடியிருப்பு அறைகளின் தளத்துக்கு இந்தியத் தரநிலை எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ. இந்தத் தொட்டியில் நீர் மட்டுமே, தான் நிற்கும் இடத்தில் அதைப்போல் நான்கு மடங்கு அழுத்தம் தரும். உத்தரம் எங்கே ஓடுகிறது, சுவர் எதைத் தாங்குகிறது என்று கட்டடப் பொறியாளர் பார்க்காமல் மாடியில் தொட்டி வைக்க ஒப்புக்கொள்பவர், கீழ்வீட்டில் உறங்கும் குழந்தையைப் பற்றியும் யோசிக்கவில்லை என்று பொருள். உயிரிரக்கம் மீனோடு முடிவதில்லை.

அடுத்தது மின்தடை. பம்ப் நின்றவுடன் மேல்தொட்டியிலிருந்து ஓரளவு நீர் சம்ப்புக்கு இறங்கும். அதைத் தாங்கச் சம்ப்பில் காலியிடம் விடப்பட்டிருக்க வேண்டும். நல்ல கட்டுநர் வேலையை ஒப்படைக்கும் முன் வீட்டுக்காரரின் கண்ணெதிரே மின்சாரத்தை நிறுத்திக் காட்டுவார். ஒரு துளியும் தரையில் சிந்தக் கூடாது. நீரோட்டம் நின்ற தொட்டியில் உயிர்வளி சில மணி நேரத்தில் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடலாம் என்பதால், நீரைச் சுழற்றும் ஒரு சிறு பம்ப்பாவது பேட்டரியிலோ இன்வெர்ட்டரிலோ தொடர்ந்து ஓட வழி செய்திருப்பார். வீட்டில் ஆள் இல்லாத நள்ளிரவில் என்ன நடக்கும் என்பதை வரைபடம் போடும் நாளிலேயே யோசித்தவரா அவர் என்பதை இந்த ஒரு சோதனை காட்டிவிடும்.

காத்திருக்கச் சொல்கிறாரா என்பது நான்காவது அளவுகோல். நீர் நிரப்பிய அன்றே மீன்களை விட்டுக் கிருகப்பிரவேசத்துக்குள் தொட்டியைக் காட்சிக்குத் தயாராக்கித் தருவதாகச் சொல்பவர் உண்டு. பாக்டீரியாக்கள் பெருகாத நீரில் விடப்படும் முதல் மீன்கள் தம் அம்மோனியாவிலேயே வெந்துபோகின்றன. மலிவான மீன்களை முதலில் விட்டு, அவை சாகிறபோக்கில் தொட்டியைப் பக்குவப்படுத்துவது ஒரு காலத்தில் பரவலான வழக்கம். இன்று மீனே இல்லாமல், அம்மோனியாவை மட்டும் அளந்து சேர்த்து அதைச் செய்ய முடியும். அதற்குத் தேவை பொறுமை மட்டும்தான். விருந்தினர் வரும் தேதியா, மீனின் உயிரா என்று வரும்போது தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லும் துணிவு கட்டுநருக்கு வேண்டும்.

எந்த மீன் வேண்டாம் என்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். வண்ணத்துப்பூச்சி மீன்களில் சில வகைகள் உயிருள்ள பவளத்தை மட்டுமே தின்பவை. பவளம் இல்லாத தொட்டியில் எத்தனை வகைத் தீவனம் தூவினாலும் அவை பட்டினியால் இறக்கும். மாண்டரின் மீன் பாறையில் ஊரும் நுண்ணிய உயிர்களை நாள் முழுவதும் கொத்திக்கொண்டே இருக்க வேண்டும். புதிய தொட்டியில் அந்த இரை இருக்காது. இவற்றை விற்பது, பூனையை அடைத்துவைத்த பெண்ணின் செயலைப் பணம் வாங்கிக்கொண்டு செய்வதற்குச் சமம். “இது உங்கள் தொட்டியில் வாழாது, தர மாட்டேன்” என்று ஒரு முறையாவது சொல்லியிருக்கிறாரா என்று அவருடைய பழைய வாடிக்கையாளர்களிடம் விசாரிப்பது, அவர் கட்டிய தொட்டிகளின் படங்களைப் பார்ப்பதைவிடப் பயனுள்ளது.

இந்த இடத்தில் பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. தொட்டி கட்டி, மாதாமாதம் பராமரித்து, மீனும் விற்பவர் ஒருவரே என்றால், ஒவ்வொரு மீன் சாகும்போதும் அவருக்கு இன்னொரு விற்பனை கிடைக்கிறது. அவர் நல்லவராக இருக்கலாம். ஆனாலும் அவருடைய வருமானம் மரணத்தோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. உயிர் வணிகத்தைப் புத்தர் விலக்கியதன் நியாயம் இங்கே கண்ணெதிரே தெரிகிறது. இதற்கு நடைமுறைத் தீர்வு உண்டு. கட்டுவதற்கும் பராமரிப்புக்கும் நியாயமான கூலியைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, மீன் வாங்குவதை அவருடைய லாபக் கணக்கிலிருந்து பிரித்துவிடலாம். மீன்கள் நீண்டநாள் வாழ்ந்தால் அவருக்கும் ஆதாயம் என்ற நிலையை ஒப்பந்தத்திலேயே உண்டாக்கலாம்.

மீன் எங்கிருந்து வருகிறது? நன்னீர் அழகு மீன்களில் பெரும்பாலானவை பண்ணைகளில் பிறப்பவை. கடல் அழகு மீன்களில் பெரும்பாலானவை இன்னும் கடலில் பிடிக்கப்படுபவை. ஹவாய்த் தீவில் மஞ்சள் டேங் மீன்களைத் தொட்டி வணிகத்துக்காகப் பிடிப்பதை எதிர்த்துப் பூர்வகுடிகளும் சூழல் அமைப்புகளும் நீதிமன்றம் போனார்கள். சுற்றுச்சூழல் மதிப்பீடு செய்யாமல் வணிக உரிமம் தரக் கூடாது என்று அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் அதே ஹவாயின் ஓஷியானிக் இன்ஸ்டிட்யூட் மஞ்சள் டேங்கை முதன்முதலாகத் தொட்டியிலேயே பிறக்க வைத்து வளர்த்திருந்தது. கோமாளி மீனை வளர்க்கும் முறை இன்னும் பழையது. தமிழ்நாட்டிலேயே, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையம் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யும் தொழில்நுட்பத்தை உருவாக்கியிருக்கிறது.

பண்ணையில் பிறந்த மீன் என்பதால் அறக்கேள்வி மறைந்துவிடாது. ஆனால் அதன் வடிவம் மாறுகிறது. ஒவ்வோர் உயிருக்கும் அதனதன் இயல்புக்கேற்ற வாழ்க்கையை வாழும் வாய்ப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார் அமெரிக்க மெய்யியலாளர் மார்த்தா நுஸ்பாம். கோமாளி மீன் கடலில்கூடத் தன் கடற்சாமந்தியை விட்டுச் சில மீட்டருக்கு மேல் போவதில்லை. பண்ணையில் பிறந்து, எட்டடித் தொட்டியில் ஓர் இணையோடு வாழும் கோமாளி மீன் இழப்பது குறைவு. பாறைத்தொடர் நெடுக மேய்ந்து திரியும் டேங் இழப்பது மிக அதிகம். சமணம் எழுப்பும் தடை இரண்டுக்கும் பொருந்தும் என்றாலும், இரண்டு அடைப்பும் ஒன்றாகிவிடாது. மஞ்சள் டேங் கடலில் நாற்பது ஆண்டு வரை வாழக்கூடியது. வீடு மாறினால், வேலை போனால், வைத்திருப்பவர் இறந்தால் அந்த மீன் எங்கே போகும்? கட்டுநர் இதைக் கேட்கவில்லை என்றால் வீட்டுக்காரர் கேட்க வேண்டும்.

சட்டமும் ஒரு கோடு போட்டிருக்கிறது. இந்தியாவில் 2001 முதல் கல் பவளங்கள் அனைத்தும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள அதே அட்டவணை. மன்னார் வளைகுடாவில் எடுத்த பவளத்தை உயிரோடு விற்பது மட்டுமல்ல, காய்ந்த துண்டாக விற்பதும் குற்றம். “எல்லோரும் வைத்திருக்கிறார்கள், ஒன்றும் ஆகாது” என்று பவளம் கொண்டுவந்து தருகிறவரோடு பேச்சை அந்த நொடியே முடித்துக்கொள்ளலாம். கடலிடம் நேர்மையாக இல்லாதவர் கண்ணாடியின் தடிமனில் மட்டும் நேர்மையாக இருப்பார் என்று நம்ப இடமில்லை.

இவ்வளவும் பார்த்துத் தேர்ந்தெடுத்த பிறகும் தவறு நடக்கலாம். 2022 டிசம்பர் 16 அதிகாலையில் பெர்லின் நகர விடுதி ஒன்றின் முகப்புக் கூடத்தில் நின்ற ‘அக்வாடோம்’ என்ற மாபெரும் உருளைத் தொட்டி வெடித்துச் சிதறியது. ஏறக்குறைய 10 லட்சம் லிட்டர் நீர் தெருவரை பாய்ந்தது. இருவர் காயமடைந்தார்கள். ஏறக்குறைய 1,500 மீன்களில் பெரும்பாலானவை இறந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் அந்தத் தொட்டி பெரும் செலவில் புதுப்பிக்கப்பட்டிருந்தது. பல மாதம் ஆராய்ந்த நிபுணராலும் இதுதான் காரணம் என்று அறுதியிட முடியவில்லை. ஒட்டிணைப்பு விட்டிருக்கலாம், புதுப்பிக்கும்போது நீர் இல்லாமல் அக்ரிலிக் உலர்ந்திருக்கலாம், அடிப்பகுதியில் விழுந்த ஒரு பள்ளத்திலிருந்து விரிசல் ஓடியிருக்கலாம்.

குற்றம் யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாமல் போகலாம் என்பதற்கு இது சாட்சி. அதனால்தான் பொறுப்பைக் குற்றத்திலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. குற்றம் நடந்து முடிந்ததைப் பற்றியது; ஒருவர் மேல் ஏற்றலாம், மறுக்கலாம், வழக்காடலாம். பொறுப்பு இனி நடக்கப்போவதைப் பற்றியது. உத்தரவாதப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிப் பொறுப்பை இன்னொருவருக்கு விற்றுவிட முடியாது. கட்டுநர் கண்ணாடிக்கும் குழாய்க்கும் உத்தரவாதம் தரலாம். உயிருக்கு ஈடு சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர்தான். எந்த வல்லுநரை அமர்த்தினாலும் நீரின் உப்பளவையும் வெப்பத்தையும் அம்மோனியாவையும் தாமே அளக்கக் கற்றுக்கொள்ளாதவர் தொட்டியின் உரிமையாளராக இருக்கலாமே தவிர, அதன் காவலர் ஆக மாட்டார். தமக்குத் தெரிந்ததை வீட்டுக்காரருக்குக் கற்றுத்தர மறுத்து, எல்லாவற்றுக்கும் தம்மையே கூப்பிடச் சொல்லும் கட்டுநரைத் தவிர்க்க வேண்டியதற்கும் இதுவே காரணம்.

விலங்குகளுக்கு நேரடியாக நாம் கடன்பட்டிருக்கிறோம் என்று மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் ஏற்கவில்லை. ஆனால் விலங்கிடம் கொடுமை பழகியவர் மனிதரிடமும் அப்படியே நடப்பார் என்று எச்சரித்தார். மீன்தொட்டி இருக்கும் வீட்டுக் குழந்தையை நினைத்தால் அந்த எச்சரிக்கை பொருள்படும். செத்த மீனை இரவோடு இரவாக எடுத்துவிட்டு அதே நிறத்தில் இன்னொன்றை விடும் வீட்டில், உயிர் என்பது மாற்றி வைக்கக் கூடிய பொருள் என்று குழந்தை கற்றுக்கொள்கிறது. ஏன் செத்தது என்று சேர்ந்து தேடும் வீட்டில் அது கற்பது வேறு பாடம்.

தொட்டிகளால் கடலுக்கு நன்மையே இல்லை என்று சொல்வதும் உண்மையாகாது. லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் 2013-இல் தொட்டிக்குள்ளேயே பவளங்களைத் திட்டமிட்ட காலத்தில் இனப்பெருக்கம் செய்ய வைத்தார்கள். அந்த அனுபவத்தின் துணையோடு ஃப்ளோரிடாவில் அழிவின் விளிம்பிலிருந்த தூண் பவளத்தை 2019-இல் தொட்டியில் முட்டையிட வைத்தார்கள். வீடுகளில் பல்லாண்டு பொறுமையாகப் பவளம் வளர்த்தவர்கள் சேர்த்த அறிவும் இத்துறைக்கு உதவியிருக்கிறது. ஆனால் வரவேற்பறையின் அழகுக்காகத் தொட்டி வைப்பவர் இந்த நன்மைகளைத் தமக்குச் சாதகமாக எடுத்துக்காட்ட முடியாது. அந்த நன்மை உழைத்தவர்களுக்கு உரியது.

எனவே வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்பணம் கொடுப்பதற்கு முன் கட்டுநரை உட்கார வைத்து இவற்றைக் கேளுங்கள். தளம் தாங்கும் என்று எந்தப் பொறியாளர் கையெழுத்திட்டார்? மின்சாரம் போனால் எத்தனை மணி நேரம் மீன்கள் உயிரோடிருக்கும்? நீர் பக்குவப்பட எத்தனை வாரம் காத்திருப்பார்? எந்தெந்த மீன்களைத் தர மறுப்பார்? தருகிற மீன் பண்ணையில் பிறந்ததா, கடலில் பிடித்ததா? நீங்கள் வீட்டைக் காலி செய்தால் அவற்றை ஏற்றுக்கொள்ளப்போவது யார்? விடைகளை எழுதி வாங்குங்கள். மழுப்புகிறவர் எவ்வளவு குறைந்த விலை சொன்னாலும் வேண்டாம். இவற்றில் கடைசிக் கேள்விக்கு உங்களிடமே விடை இல்லையென்றால் தொட்டியே வேண்டாம்; பிள்ளைகளை ராமேசுவரம் தீவுக்கோ மண்டபத்துக்கோ அழைத்துப் போய், அந்த மீன்களுக்காகக் கடல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும் இடத்தைக் காட்டுங்கள்.